கொச்சி ரூபி டேனியலும் யூதப் பெண்களின் பாட்டேடுகளும்

சோமனூரில் இரயிலேறிப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் ஒரு பகற்பொழுதுக்குள் கொச்சியை அடைந்துவிடலாம். அங்கே மட்டாஞ்சேரி யூதத் தெருவில் 1912ஆம் ஆண்டு பிறந்தவர் ரூபி டேனியல். 1568இல் கட்டப்பெற்ற பரதேசி யூதப் பள்ளி அப்பகுதியில்தான் இருக்கின்றது. எனினும், அதனுள்ளே சரிநிகராக அமர்ந்து வழிபடும் உரிமை அவருடைய முன்னோருக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. விடுதலை செய்யப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அப்பிரிவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஏ. பி. சாலெம் காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியில் போராடியே அத்தடைகளைத் தளர்த்தினார். தவ்ராத்தை ஓதும் சமூகத்திலும் பிறப்பின் பெருமை இவ்வாறு புகுந்துவிட்டது. பிறரைச் சுட்டுமுன் நம்மவரும் ஒருகணம் தயங்க வேண்டிய செய்தி இது.

கொச்சி யூதப் பெண்கள் எபிரேயம் வாசிக்கக் கற்றவர்கள். எபிரேயத் துதிப்பாக்களை ஆடவரோடு சேர்ந்து பாடும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு. அவற்றுள் சில மலையாளத்தில் பெயர்க்கப்பெற்றுப் பெண்களின் நாவில் நிலைத்தன. இப்ராஹீம், யூசுஃப், மூஸா (அலைஹிமுஸ்ஸலாம்) ஆகிய நபிமார்களின் வரலாறுகளும், திருமண வாழ்த்துகளும் அப்பாடல்களில் இடம்பெறுகின்றன. மலையாள எழுத்தில் குறிக்கப்பட்ட கையேடுகளாக அவை பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்தன. கீழக்கரை செய்யிது ஆசியா உம்மாவின் ஞானப்பாடல்களை அறிந்த நம் வாசகர்களுக்கு இம்மரபு அந்நியமாகத் தோன்றாது.

இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றிய ரூபி, 1951இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து நெஓத் மொர்தெகாய் என்னும் கூட்டுப்பண்ணையில் வாழ்ந்தார். கொச்சி யூதர்களிற் பெரும்பாலோர் அவ்வாறே சென்றுவிட்டனர். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மலையாளம் தெரியவில்லை. பாட்டேடுகள் இருந்தும் படிப்பாரில்லை! பழஞ்சொற்களின் பொருளும் பாடலுக்குரிய சமயமும் அறிந்த முதியவர்களும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர். ரூபி தம் முதுமையில் அந்த ஏடுகளைக் கையிலெடுத்தார். மானிடவியலறிஞர் பார்பரா ஜான்சனின் துணையோடு நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இருவரும் இணைந்து உருவாக்கிய ரூபியின் நினைவுநூல் 1995இல் வெளிவந்தது. பள்ளியில் பின்னுக்குத் தள்ளப்பட்ட பிரிவின் மகளே முழுச் சமூகத்தின் பாட்டுச் செல்வத்துக்கும் காவலராக நின்றார்.

அவர் 2002இல் காலமானார். மூன்றாண்டுகள் கழித்து, ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் பதிப்பித்த 'கார்குழலி' என்னும் தொகுப்பு ஜெருசலேமில் வெளியாயிற்று. பாட்டிமாரின் மலையாளப் பாடல்கள் அதில் எபிரேய மொழிபெயர்ப்புடன் அச்சாகியுள்ளன.