சாத்தனூரில் படுத்திருக்கும் மரம்

பெரம்பலூர்ப் பக்கம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் திறந்திருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு விருந்தாளிகள் வருவதும் அந்த இரண்டு கிழமைகளில்தான். குலதெய்வம் கும்பிட வரும் சொந்தக்காரர்கள் மாவிளக்குப் போட்டு, சாப்பிட்டுக் கை கழுவியதும், "பக்கத்துல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். நான் சாத்தனூருக்கு அழைத்துப் போவேன்.

போன தை மாதம் அத்தை மகன் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆந்திராவின் அனந்தகிரி மலையில் உள்ள போரா குகையைப் பார்த்துவிட்டு வந்த பூரிப்பு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புத் தூண்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள், வண்டியில் ஏறும்போது கேட்டாள்: "மாமா, உங்க ஊர்ப் பக்கமும் சுண்ணாம்புக்கல்தானே? இங்க ஏன் குகை இல்ல?"

நல்ல கேள்வி. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளித்துவிடும். அந்தத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கி, லட்சக்கணக்கான ஆண்டுகள் கரைத்துக்கொண்டே இருந்தால் குகை உண்டாகும். போராவில் அந்த வேலையைச் செய்தது கோஸ்தனி ஆறு. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மலையாக நிமிர்ந்து நிற்பதில்லை. சமதரையில், மண்ணுக்கு அடியில் படுகை படுகையாகக் கிடக்கிறது. ஆற்றுக்குக் குடைய இடமில்லை. இங்கே குடைந்தது மனிதர்கள்தான், சிமெண்ட்டுக்காக.

என் அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். பள்ளி விடுமுறையில் நானும் அவரோடு ஏறிக்கொள்வேன். பாரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுப்பார். கல் முழுக்கச் சிப்பி. உள்ளங்கை அகலத்தில், மடிப்பு மடிப்பாக, நேற்றுக் கரை ஒதுங்கியது போல இருக்கும். "கடல்டா இது" என்பார். ஆத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்பும் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் வந்தது என்று அவர் சொன்ன அன்றுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இன்று கடல் இங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. கிரெட்டேசியஸ் என்று நிலவியலார் சொல்லும் காலத்தில் அது எங்கள் ஊர்ப் பக்கம் வரை ஏறி வந்திருந்தது. அது விட்டுப்போன வண்டலையும் சிப்பியையும்தான் நாம் வெட்டி எடுத்துச் சுட்டு வீடு கட்டுகிறோம்.

சாத்தனூர் மரம் அந்தக் கடலுக்கு வந்து சேர்ந்த விருந்தாளி.

கம்பி வேலிக்குள், ஓடைப் பள்ளத்தில் அது படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டருக்கு மேல். அப்பா ஓட்டிய மாதிரி லாரி இரண்டை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் வருகிற நீளம். வயது சுமார் 12 கோடி ஆண்டு என்கிறது இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம். அந்த நிறுவனத்தைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். பின்னாளில் அந்த நிறுவனத்தின் தலைமைக்கு வந்த முதல் இந்தியரும் அவரே. இன்று இது தேசியக் கல்மரப் பூங்கா, பாதுகாக்கப்பட்ட நிலவியல் சின்னம்.

வேலி ஓரமாக நின்று அந்தப் பிள்ளை வெகுநேரம் பார்த்தாள். "தட்டினா மரச் சத்தம் வருமா மாமா?"

வராது. நாரோட்டம், கணு எல்லாம் மரத்துடையவை; பொருள் மட்டும் கல். கரையில் நின்ற ஊசியிலை மர வகை இது. வெள்ளத்தில் விழுந்து அடித்துவரப்பட்டு, கடலோர மணலிலும் சேற்றிலும் புதைந்தது. காற்றுப் படாததால் மக்கவில்லை. மண்ணுக்குள் ஊறிய தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளில் ஒவ்வொன்றாகப் படிந்து இறுகியது. போராவில் தண்ணீர் கல்லைக் கரைத்துக் குகை செய்தது; சாத்தனூரில் அதே தண்ணீர் மரத்துக்குள் கல்லைக் கொண்டுவந்து வைத்தது. அவளிடம் இப்படிச் சொன்னபோது முகம் மலர்ந்தது. இந்த மரம் நின்ற நாளில் நம்முடைய வேம்பு இல்லை, மல்லிகை இல்லை. அம்மனுக்குச் சாத்த ஒரு மாலை கட்ட முடியாத உலகம் அது.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலும் ஒரு கல்மரப் பூங்கா இருக்கிறது. அங்கே துண்டுகள் ஏராளம், ஆனால் வயது சுமார் 2 கோடி ஆண்டுதான். சாத்தனூர் அதற்கு மிக மூத்தது.

திரும்பும் வழியில் காரை என்னும் ஊருக்குப் போனோம். செம்மண்ணும் சாம்பல் மண்ணுமாக, மழை அறுத்த மேடு பள்ளங்கள். மரநிழல் இல்லை. கால் வைக்கும் இடமெல்லாம் ஒரு காலத்துக் கடல்தரை. அம்மோனைட் என்னும் சுருண்ட ஓட்டு உயிரின் பதிவுகள் இங்கே கிடைக்கும். பூஜையறையில் வைக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமமும் அம்மோனைட்தான். 2020 அக்டோபரில் குன்னம் பக்கம் தூர்வாரியபோது உருண்டைக் கற்கள் வெளிவந்து, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. முட்டை அல்ல, அம்மோனைட்டைச் சுற்றித் திரண்ட மண் உருண்டைகள் என்று நிலவியலார் விளக்கினார்கள்.

அந்தப் பிள்ளை குனிந்து ஒரு சுருள் கல்லை எடுத்தாள். "ஒண்ணே ஒண்ணு மாமா." எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனாலும் கீழே வைக்கச் சொன்னேன். சின்ன வயதில் நான் பொறுக்கிய கற்கள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. எதை எங்கே எடுத்தேன் என்று இன்று எனக்கே தெரியாது. எந்தப் படுகையில் கிடந்தது, மேல் அடுக்கா கீழ் அடுக்கா என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைச் சொல்ல முடியும். இடம் போய்விட்டால் அது வெறும் அழகான கல்.

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த ஒரு ராட்சத டைனோசரின் எலும்புகளை, நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் ஆராய்ந்து புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். நிலத்தில் வாழ்ந்த மிகப் பெரிய உயிரினங்களில் ஒன்றாக இருக்கலாம் என்பது கணிப்பு. அந்த எலும்புகள் இன்று இல்லை, பொடிந்து போயின. படங்களும் அளவுகளும்தான் மிச்சம். நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இப்படிப்பட்ட இடங்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டுமென்று 2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டது. சட்டம் வரட்டும். நாங்கள் போனபோது காரை மண்ணில் வேலியும் இல்லை, காவலாளும் இல்லை. வருகிறவர்களின் கைதான் காவல்.

அம்மனைக் கும்பிட வரும்போது அரை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அரியலூர் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள். கல்லை மட்டும் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.