லினக்ஸ் கணிப்பொறியும் பலவழி ஒலியும்

1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் டில்லியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஒரு பரிசோதனையாக ஆரம்பிக்கப்பட்டது. 1961இல், போர்டு அறக்கட்டளையின் உதவியுடன், டில்லிப் பள்ளிகளுக்கெனப் பாட ஒளிபரப்பும் தொடங்கிற்று. அந்நாளைய பெட்டிக்கு ஒலி ஒரே வழியாக வந்து சேர்ந்தது. ஆசிரியரின் குரலும் பின்னணி இசையும் ஒன்றாகக் கலந்தே வந்தமையால், ஒலிப்பகுதியில் கோளாறு ஏற்பட்டபோது யாவும் ஒருங்கே நின்றன. இசை மட்டும் கேட்டு, பேச்சு மட்டும் கேளாமற் போகும் விந்தைக்கு அக்காலத்தில் இடமில்லை.

இன்று அவ்விந்தை நிகழக்கூடும். வகுப்பறைச் சுவரில் பெரிய தொலைக்காட்சித் திரை. அதன் பின்புறம் உள்ளங்கையில் அடங்கும் சிறு கணிப்பொறி. அதில் லினக்ஸ் இயக்கமுறை. இரண்டையும் இணைப்பது ஒரே எச்.டி.எம்.ஐ. கேபிள். அரசு அலுவலகங்கள் திறந்தமூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை மத்திய அரசு 2015இல் வெளியிட்டது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயக்கமுறையும் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே. ஆதலின், இத்தகைய அமைப்பைக் கள அலுவலரும் ஆசிரியரும் எதிர்ப்படுதல் இனி அரிதன்று. பாடப் படத்தில் அருவி இரைகிறது, வாத்தியங்கள் முழங்குகின்றன, விளக்கவுரை மட்டும் கேட்கவில்லை. தொலைக்காட்சி பழுதென்று முடிவு கட்டி, நல்ல பெட்டியைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டு, அது திரும்பும் வரையில் பாடங்களை இழப்பது வீண் நஷ்டமாகும். பல சமயங்களில் பழுது பெட்டியிலும் இல்லை, கணிப்பொறியிலும் இல்லை. அவ்விரண்டுக்கும் இடையே நிகழும் உடன்பாட்டில்தான் உள்ளது.

திரைப்படங்களிலும், அவற்றைப் போலத் தயாரிக்கப்படும் சில கல்விப் படங்களிலும், ஒலி ஆறு தனித்தனி வழிகளாகப் பதியப்படுகிறது. முன்னிடம், முன்வலம், நடு, பின்னிடம், பின்வலம் என ஐந்து. ஆழ்ந்த முழக்கத்திற்கெனத் தாழ்சுருதி வழி ஒன்று. இதனையே ‘ஐந்து புள்ளி ஒன்று’ என்பர். பேச்சு பெரும்பாலும் நடுவழியில் வைக்கப்படுகிறது; பார்ப்பவர் எம்மூலையில் அமர்ந்திருந்தாலும் குரல் திரையிலிருந்தே வருவதாகத் தோன்ற வேண்டும் என்பது நோக்கம். எனவே, ஆறில் ஒன்று தவறினால் மற்ற ஐந்தும் ஒலிக்க, பேச்சு மட்டும் மறைந்துவிடுதல் இயல்பே.

எச்.டி.எம்.ஐ. முறையின் முதல் வரையறை 2002 டிசம்பரில் வெளியாயிற்று. சுருக்கப்படாத ஒலியை எட்டு வழிகள் வரை அது தாங்கும். ஒவ்வொரு வழிக்கும் வினாடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட்டுகள் எனக் கொண்டால், ஆறு வழிகளுக்கும் சேர்த்து வினாடிக்கு 46,08,000 பிட்டுகள் ஆகின்றன. இவ்வொலிக்கெனக் கேபிளில் தனிக்கம்பி கிடையாது. படத்தின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவேயுள்ள இடைவெளியில் ஒலித் தகவல் சிறு பொட்டலங்களாகச் செருகி அனுப்பப்படுகிறது. பழைய படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றை ஒரு வரியை முடித்து மறுவரியின் தொடக்கத்திற்குத் திரும்புவதற்காக விடப்பட்ட இடைவெளி அது. இன்றைய திரையில் கற்றையே இல்லை. இடைவெளி மட்டும் நிலைத்து, ஒலிக்கு வாகனமாகிவிட்டது.

எத்தனை வழிகளை அனுப்புவது என்பதைக் கணிப்பொறி தானாகத் தீர்மானிப்பதில்லை. முதலில் திரையை வினவுகிறது. திரை தன் இயல்புகளை விவரிக்கும் ஒரு குறிப்பை விடையாக அளிக்கிறது. ‘ஈ.டி.ஐ.டி.’ எனப்படும் இக்குறிப்பின் முதற்பகுதி 128 பைட்டுகள் கொண்டது. அதைத் தொடரும் இணைப்புப் பகுதியில் ஒலி பற்றிய செய்திகள் அடங்கியுள்ளன. ஏற்கத்தக்க ஒவ்வொரு ஒலி வகையும் மூன்றே பைட்டுகளில் குறிக்கப்படுகிறது: வகை யாது, அதிகபட்சம் எத்தனை வழிகள், மாதிரி வீதங்கள் எவை என்பன. லினக்ஸில் படத்தைக் கவனிக்கும் இயக்கி இதன் சுருக்கத்தை ஒலியைக் கவனிக்கும் இயக்கியிடம் ஒப்படைக்கிறது. அச்சுருக்கத்திற்கு ‘ஈ.எல்.டி.’ என்று பெயர்.

கோளாறு காண விரும்புவோர் முதலில் நாட வேண்டியது இந்தச் சுருக்கத்தையே. இன்டெல், ஏ.எம்.டி. சில்லுகள் கொண்ட கணிப்பொறிகளில் ‘ப்ராக்’ என்னும் அடைவினுள் ‘அசவுண்ட்’ என்னும் பகுதியில், ஒலி அட்டைக்குரிய இடத்தில், ‘ஈ.எல்.டி.’ எனத் தொடங்கும் கோப்புகள் காணப்படும். இவை சாதாரண எழுத்துக்களாலானவை. திறந்து படித்தாலே போதும். திரை இணைக்கப்பட்டுள்ளதா என்பதற்கு ஒரு வரி. கிடைத்த விவரம் செல்லத்தக்கதா என்பதற்கு மற்றொரு வரி. இரண்டிலும் 1 என்றிருத்தல் வேண்டும். பின்னர்த் திரையின் பெயர், ஏற்கும் வழிகளின் எண்ணிக்கை, ஒலிபெருக்கிகளின் பட்டியல் ஆகியவை வரும். பட்டியலில் ‘எப்.எல்.’, ‘எப்.ஆர்.’ மட்டும் இருப்பின், முன்னிடமும் முன்வலமும் தவிர வேறு ஒலிபெருக்கி தனக்கு இல்லையெனத் திரை அறிவிக்கிறது என்பது பொருள். ‘எப்.சி.’ என்பது நடு ஒலிபெருக்கி.

கோப்புகள் பல இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டுவதில்லை. கணிப்பொறியிலுள்ள ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. துளைக்கும் லினக்ஸ் ஒரு தனி ஒலி வாயிலை வகுக்கிறது. இன்டெல் அமைப்புகளில் இவை பொதுவாக 3, 7, 8 என எண்ணிடப்பட்டிருக்கும். கேபிள் செருகப்படாத வாயிலுக்கு ஒலி அனுப்பப்பட்டால் பிழைச் செய்தி எதுவும் தோன்றாமலே இருந்துவிடலாம். படம் ஓடும், ஒலி எங்கோ மறைந்துபோகும். எந்தக் கோப்பில் திரையின் பெயர் காணப்படுகிறதோ அதற்குரிய வாயிலையே ஒலி அமைப்பில் தேர்ந்தெடுத்தல் வேண்டும். எல்லாக் கோப்புகளும் வெறுமையாயின், திரையை முதலில் ஏற்றி, அது முற்றிலும் விழித்தபின் கணிப்பொறியை ஏற்றிப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே ஸ்விட்சினால் ஏற்றும் வகுப்பறைகளில் கணிப்பொறி முந்திக்கொண்டு வினவ, சில தொலைக்காட்சிகள் அப்பொழுது விடையளிப்பதில்லை.

அடுத்து, பேச்சு மட்டும் மறையும் நிலை. லினக்ஸின் ஒலி அமைப்பு பல அடுக்குகளால் ஆனது. அடியில் ‘அல்சா’ என்னும் இயக்கித் தொகுதி. அதன்மேல் ‘பல்ஸ்ஆடியோ’, அல்லது புதிய பதிப்புகளில் ‘பைப்வயர்’ என்னும் நிர்வாகி. இந்நிர்வாகியின் அமைப்புப் பலகத்தில் ‘ஸ்டீரியோ’, ‘சரவுண்ட் 5.1’ என்பன போன்ற தேர்வுகள் உள்ளன. ஸ்டீரியோவைத் தேர்ந்தால், நடுவழியின் ஒலி ஏறத்தாழ 0.7 மடங்காகக் குறைக்கப்பட்டு இடத்திலும் வலத்திலும் சமமாகக் கலக்கப்படுகிறது, பேச்சு காப்பாற்றப்படுகிறது. 5.1ஐத் தேர்ந்து, இரண்டே ஒலிபெருக்கிகள் கொண்ட திரைக்கு ஆறு வழிகளையும் அனுப்பினால், கலக்கும் பொறுப்பு திரையின் தலையில் விழுகிறது. திரை அதைச் செய்யாது முதலிரண்டு வழிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் விளக்கவுரை ஒழிந்தது. எண்ணிக்கை மிகுந்தால் தரமும் மிகும் என்ற எண்ணத்தில் 5.1ஐத் தேர்ந்து வைப்போர் உளர். இரண்டு ஒலிபெருக்கிகளே உள்ள வகுப்பறைக்கு ஸ்டீரியோவே ஏற்றது.

உண்மையிலேயே ஆறு ஒலிபெருக்கிகள் உள்ள அரங்குகளில் வேறொரு சிக்கல் எழலாம். அல்சாவின் வழக்கமான வரிசை: முன்னிடம், முன்வலம், பின்னிடம், பின்வலம், நடு, தாழ்சுருதி. எச்.டி.எம்.ஐ. வரிசையோ: முன்னிடம், முன்வலம், தாழ்சுருதி, நடு, பின்னிடம், பின்வலம். முதலிரண்டும் ஒன்றேயாதலால் ஸ்டீரியோ ஒலியில் வேற்றுமை புலப்படாது. ஆறு வழிகளை மாற்றியமைக்காமல் அனுப்பினாலோ, அல்சாவில் ஐந்தாவதாகிய நடுவழி பின்னிட ஒலிபெருக்கியில் போய் விழும். விளக்கவுரை மாணவரின் முதுகுப்புறத்திலிருந்து கேட்கும். சாதாரணமாக இயக்கியே இம்மாற்றத்தைச் செய்துவிடுகிறது. முன்னர் எவரேனும் கையால் எழுதிவைத்த அமைப்புக் கோப்பு குறுக்கிட்டால் குழப்பம் நேரும். அத்தகைய கோப்பைப் பெயர் மாற்றி ஒதுக்கி வைத்துச் சோதிப்பது தக்கது.

சோதனைக்கு ‘ஸ்பீக்கர்-டெஸ்ட்’ என்னும் சிறு கட்டளை போதும். வழிகள் ஆறு எனவும், ஒலி வகை ‘வேவ்’ எனவும் குறிப்பிட்டு இயக்கினால், ஒவ்வொரு ஒலிபெருக்கியின் பெயரையும் ஓர் ஆங்கிலக் குரல் அந்தந்த வழியிலேயே கூறும். வாயிலைப் பெயரிட்டு நேரே இயக்குவதற்கும், நிர்வாகியின் வழியாக இயக்குவதற்கும் வேறுபாடு உண்டு என்பதை மறத்தலாகாது. நிர்வாகி ஸ்டீரியோவில் இருக்கையில் நடுவழியின் பெயர் இரண்டு பக்கமும் ஒருசேரக் கேட்டால் அது பிழையன்று. கலப்பு சரியாக நடைபெறுகிறது என்பதற்கு அதுவே சான்று.

கணிப்பொறி திரையுடனும், திரை ‘ஏ.ஆர்.சி.’ என்னும் மீள்வழியால் ஒலிபெருக்கி அமைப்புடனும் இணைக்கப்பட்டிருப்பின், கணிப்பொறி உரையாடுவது திரையோடு மட்டுமே. பின்னால் ஆறு ஒலிபெருக்கிகள் இருப்பினும் திரை இரண்டு என்று கூறினால் கணிப்பொறி அதையே நம்பும். தவிர, 2009இல் வந்த ஏ.ஆர்.சி. முறை சுருக்கப்படாத ஒலியை இரண்டு வழிகளுக்கு மேல் கொண்டு செல்லாது, 2017இன் ‘ஈ.ஏ.ஆர்.சி.’ முறையே அத்தடையை நீக்கிற்று. கணிப்பொறியை முதலில் ஒலிபெருக்கி அமைப்பிலும், அதிலிருந்து திரையிலும் இணைப்பது எளிய பரிகாரம்.

மொழிப்பாடம் நடத்துவோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய கோளாறு ஒன்றுண்டு. ஒலி சில வினாடிகள் நின்றால் நிர்வாகி வாயிலை உறங்க வைக்கிறது. வழக்கமான கெடு 5 வினாடி. மறுபடி ஒலி தொடங்கும்போது திரை விழித்துக்கொள்ளச் சிறிது நேரம் பிடிப்பதால் முதல் அசை அறுபடுகிறது. உச்சரிப்புப் பயிற்சியில் ‘கடல்’ என்பது ‘டல்’ என்று மாணவர் செவியில் விழும். பைப்வயருடன் இயங்கும் ‘வயர்ப்ளம்பர்’ அமைப்பில் அக்கெடுவைச் சுழியமாக்கினால் வாயில் உறங்குவதில்லை. பல்ஸ்ஆடியோவில் உறங்கவைக்கும் துணைக்கூற்றை ஏற்றாமல் விடுதல் வேண்டும். அதன் பின்னும் நீடித்தால், ஒலி இயக்கியின் மின்சேமிப்பை நிறுத்திப் பார்க்கலாம்.

இவ்வளவிற்குப் பின்னும் சரியாகாவிடில், வேறொரு கேபிளையும் வேறொரு திரையையும் மாற்றி இணைத்து, எதனுடன் கோளாறு பின்தொடர்கிறது என்று காணல் வேண்டும். பழுது மனுவில் ‘சத்தம் வரவில்லை’ என்று மட்டும் எழுதாமல், ஈ.எல்.டி. கோப்பின் நகல், தேர்ந்த வாயிலின் எண், ஸ்டீரியோவா 5.1ஆ என்பது, சோதனைக் குரல் எந்தெந்த ஒலிபெருக்கியில் கேட்டது என்பது ஆகிய நான்கையும் சேர்த்து அனுப்புதல் வேண்டும்.