ஜமக்காளத்தில் குடியிருக்கும் எட்டுக்கால் பூச்சி!

லண்டன் நகரில் ஓர் உணவு விடுதி. ஆண்டு 1901. ஒரு என்ஜினீயர் மெத்தை நாற்காலியின் சாய்மானத்தில் வாயை வைத்தார். மூச்சை இழுத்து உறிஞ்சினார். தொண்டை அடைத்துத் திணறிப் போனார்!

அவர் பெயர் ஹியூபர்ட் பூத். தூசியை ஊதி விரட்டும் ஒரு கருவியை அவர் பார்த்திருந்தார். ஊதினால் தூசி வேறு இடத்தில் போய் உட்காரும். உறிஞ்சினால் என்ன? அந்த யோசனையில் பிறந்ததுதான் அவருடைய தூசி உறிஞ்சும் எந்திரம். குதிரை பூட்டிய வண்டியில் அது வரும். தெருவில் நிற்கும். நீண்ட குழாய் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். 1902-ல் 7-ம் எட்வர்டு மன்னர் முடிசூடியபோது, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளங்களை அதுதான் சுத்தம் செய்தது.

மன்னர் மிதித்த கம்பளமானாலும் சரி, நம் வீட்டு ஜமக்காளமானாலும் சரி, தூசிக்குப் பேதம் இல்லை.

அதில் என்ன இருக்கிறது?

நம் தோலில் இருந்து தினமும் செதில் உதிர்கிறது. அதைத் தின்று ஒரு பூச்சி வாழ்கிறது. உண்ணிக்கு உறவு. ஒரு மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அது கடிப்பதில்லை. ஆனால் அதன் எச்சம் மூக்கில் ஏறினால் சிலருக்கு அடுக்குத் தும்மல் வரும். சில குழந்தைகள் இரவெல்லாம் இளைப்பால் தவிக்கும். வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இந்தப் பூச்சியே காரணம் என்பதை 1960-களில் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள்.

இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொள்ளும். ஈரம் போனால் அதன் கதை முடிந்தது!

வெயிலே மருந்து

ஜமக்காளத்தை நல்ல வெயிலில், இரண்டு பக்கமும் காயும்படி கொடியில் போடுங்கள். பிறகு தடியால் தட்டுங்கள். செத்த பூச்சியும் எச்சமும் அப்போதுதான் உதிரும். காயப் போட்டதோடு விட்டால் பாதி வேலைதான். இளைப்பு உள்ளவர் தட்டக் கூடாது. பக்கத்தில் நிற்கவும் கூடாது. வீட்டுக்குள் வைத்துத் துடைப்பத்தால் பெருக்குவது, தூசியை எழுப்பிவிடும் வேலை.

பருத்தி ஜமக்காளத்தைத் துவைக்கலாம். கை பொறுக்காத சூட்டில், சுமார் 60 டிகிரி வெந்நீரில் ஊறினால் பூச்சி பிழைக்காது. சாயம் போகுமா என்று முதலில் ஒரு மூலையை நனைத்துப் பாருங்கள். கம்பளி விரிப்புக்கு வெந்நீர் ஆகாது, சுருங்கிவிடும்.

காபி கொட்டினால் தேய்க்காதீர்கள். உலர்ந்த துணியை வைத்து, ஓரத்தில் இருந்து நடுப்பக்கமாக ஒற்றி எடுங்கள்.

குழந்தைக்கு ஆஸ்துமா இருந்தால், அது தூங்கும் அறையில் கம்பளமே வேண்டாம். ஈரத் துணியால் துடைத்த வெறும் தரை மேல். டாக்டர் கொடுத்த மருந்தையும் நிறுத்தக் கூடாது.

மழைக்காலத்தில் துவைப்பதைத் தள்ளிப் போடுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததை மடித்தால் பூஞ்சை பிடிக்கும். மேலே காய்ந்திருந்தாலும் விளிம்புக் குஞ்சத்தில் ஈரம் நிற்கும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மடியுங்கள்.