வக்கீல் கையில் டேப்லெட். வாய்தா தேதி உங்கள் கையில்!

வக்கீல் ஆபீஸ் என்றதும் ஒரு காட்சி நம் கண் முன்னே வரும். சுவர் நிறையத் தடித்த சட்டப் புத்தகங்கள். மேஜை நிறைய நாடா கட்டிய காகிதக் கட்டுகள். ஒரு மூலையில் ஓயாத டைப் சத்தம். வாசல் பெஞ்சில், "ஐயா இருக்கிறாரா?" என்று கேட்டபடி காத்திருக்கும் கட்சிக்காரர்கள்.

இந்தக் காட்சி இப்போது மாறிக்கொண்டு வருகிறது. பெங்களூர் பிரேசர் டவுனிலும் அப்படித்தான்.

1898-ம் ஆண்டு பெங்களூரைப் பிளேக் நோய் உலுக்கியது. அதன் பிறகு, நெரிசலைக் குறைப்பதற்காகக் கண்டோன்மென்ட் பகுதியில் உருவாக்கப்பட்ட குடியிருப்பு இது. மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் இதற்கு வைக்கப்பட்டது. புலிகேசி நகர் என்ற பெயர் வந்த பிறகும், கண்டக்டர் முதல் காய்கறிக்காரர் வரை எல்லோருக்கும் இது பிரேசர் டவுன்தான். கண்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் வேர் விட்ட வட்டாரம்.

இங்கிருந்து மேயோ ஹால் கோர்ட்டுக்கு ஆட்டோவில் போய்விடலாம். சிட்டி சிவில் கோர்ட்டும், ஐகோர்ட்டு இயங்கும் அட்டாரா கச்சேரியும் சற்றுத் தூரம். வீட்டின் முன்னறையையே ஆபீசாக வைத்திருக்கும் வக்கீல்கள் காலையில் கிளம்பும்போது, குமாஸ்தா பின்னாலேயே கட்டுகளைச் சுமந்து செல்வது வழக்கம். அந்தச் சுமைதான் இப்போது குறைந்து வருகிறது.

ஏழரை கிலோ அரை கிலோ ஆனது

டேப்லெட் என்றால் டாக்டர் கொடுக்கும் மாத்திரை அல்ல. பள்ளிக்கூடச் சிலேட்டு அளவில் உள்ள கம்ப்யூட்டர்தான் டேப்லெட். தொடுதிரையில் விரலாலும் எழுதலாம், பேனா போன்ற கோலாலும் எழுதலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண ஏ-4 தாள் ஒன்று சுமார் 5 கிராம் எடை. ஒரு வழக்குக் கட்டில் 300 தாள் என்றால் ஒன்றரை கிலோ. ஒரே நாளில் 5 வழக்கு இருந்தால் ஏழரை கிலோ. டேப்லெட்டின் எடையோ சுமார் அரை கிலோ. ஐந்து வழக்கு என்ன, ஐந்நூறு வழக்கின் காகிதமும் அதற்குள் அடங்கிவிடும்.

எடை குறைந்தது மட்டும் லாபம் அல்ல. "பிரதிவாதி 2018-ல் கொடுத்த ரசீது எங்கே?" என்று நீதிபதி கேட்டால், கட்டை அவிழ்த்துத் தேட வேண்டியதில்லை. தாள்களை ஸ்கேன் செய்து, எழுத்தைப் படிக்கும் மென்பொருளில் ஏற்றிவிட்டால், ஒரு சொல்லைத் தட்டியதும் அந்தப் பக்கம் வந்து நிற்கும். முக்கியமான வரியில் மஞ்சள் பூசலாம், ஓரத்தில் குறிப்பு எழுதலாம். மூலப் பத்திரத்தில் ஒரு கீறலும் விழாது.

இதற்கு விலை உயர்ந்த சட்ட மென்பொருள் கட்டாயம் அல்ல. பி.டி.எப். படிக்கும் செயலி, செல்போன் கேமராவில் ஸ்கேன் செய்யும் செயலி, வாய்தா தேதியை நினைவூட்டும் காலண்டர், கோப்புகளை இணையத்தில் பத்திரமாக வைக்கும் வசதி ஆகிய நான்கும் போதும். பெரும்பாலும் இவை இலவசமாகவே கிடைக்கின்றன.

சட்டப் புத்தகச் செலவும் குறைந்திருக்கிறது. 2023-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்புகள் சுமார் 34 ஆயிரத்தை இலவசமாக இணையத்தில் திறந்துவிட்டது. தமிழ், கன்னடம் உள்பட இந்திய மொழிகளில் தீர்ப்புகளின் மொழிபெயர்ப்பும் வெளியாகிறது.

16 எழுத்தில் உங்கள் வழக்கு

வக்கீலுக்கு வசதி சரி. நமக்கு என்ன லாபம்?

கட்டிட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறவருக்குக் கோர்ட்டு என்றால் ஒரு நாள் கூலி போச்சு என்று அர்த்தம். காலையில் போய்க் காத்திருந்தால், மாலையில் "அடுத்த வாய்தா இன்ன தேதி" என்று ஒரு வரி பதில் வரும். அந்த ஒரு வரிக்காக இனி லீவு போட வேண்டியதில்லை.

மத்திய அரசும் சுப்ரீம் கோர்ட்டின் மின்னணுக் குழுவும் சேர்ந்து நடத்துவது 'இ-கோர்ட்ஸ்' திட்டம். 2007-ல் முதல் கட்டமும் 2015-ல் இரண்டாம் கட்டமும் தொடங்கின. மூன்றாம் கட்டத்துக்கு 2023-ம் ஆண்டு செப்டம்பரில் ரூ.7 ஆயிரத்து 210 கோடி ஒதுக்க மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது.

இந்தத் திட்டப்படி ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எண் என்று ஒன்று உண்டு. எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 16. முதல் இரண்டு எழுத்து மாநிலத்தைக் குறிக்கும். கர்நாடகம் என்றால் கே.ஏ., தமிழ்நாடு என்றால் டி.என். கடைசி நான்கும் வழக்கு பதிவான ஆண்டு.

இ-கோர்ட்ஸ் செயலியைச் செல்போனில் இறக்கி இந்த எண்ணைப் போட்டால், எந்தக் கோர்ட்டு, அடுத்த வாய்தா என்ன, சென்ற வாய்தாவில் என்ன நடந்தது, என்ன உத்தரவு என்பதெல்லாம் தெரிந்துவிடும். கட்டணம் கிடையாது. வக்கீலிடம் வக்காலத்து கொடுத்து வழக்கு பதிவானதும், இந்த எண்ணை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை.

ஊர்க் கோர்ட்டும் எட்டும் தூரத்தில்

பெங்களூரில் வேலை, வேலூரிலோ தர்மபுரியிலோ பாகப்பிரிவினை வழக்கு என்று அலைகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஊரில் உள்ள வக்கீல் போனை எடுக்கவில்லை என்றால் இரவு பஸ் பிடிக்க வேண்டியதுதான்.

தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளும் இதே இ-கோர்ட்ஸ் திட்டத்தில்தான் இருக்கின்றன. பிரேசர் டவுனில் டீ குடித்துக்கொண்டே கிருஷ்ணகிரி வழக்கின் நிலையைப் பார்க்கலாம். ஊர் நிலத்தின் வில்லங்கச் சான்றைத் தமிழகப் பதிவுத்துறையின் இணையதளத்திலும், பட்டா விவரத்தைத் தமிழக அரசின் இணையதளத்திலும் பார்க்கலாம். கர்நாடகத்தில் பத்திரப் பதிவு விவரங்களுக்கு 'காவேரி' இணையதளம் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. செயலியில் தேதியைப் பார்த்தால் மட்டும் போதாது. சம்மன் வந்திருந்தாலும், சாட்சி சொல்ல அழைத்திருந்தாலும் நேரில் போயாக வேண்டும். கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர், கோர்ட்டின் அனுமதி இல்லாமல் வராமல் இருந்தால் வாரண்டு வரும். போக முடியாவிட்டால் வக்கீல் மூலம் முன்கூட்டியே மனு கொடுக்க வேண்டும்.

திரையில் விசாரணை

2020-ல் கொரோனா வந்து கோர்ட்டுக் கதவுகள் மூடியபோது, வீடியோ மூலம் விசாரணை நடத்த சுப்ரீம் கோர்ட்டு அந்த ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி உத்தரவிட்டது. கர்நாடக ஐகோர்ட்டும் அதற்கென விதிகள் வகுத்தது. 2022-ம் ஆண்டு ஜனவரி முதல் நேரடி ஒளிபரப்புக்கான விதிகளும் நடைமுறைக்கு வந்தன.

ஆனால் இதிலும் வில்லங்கம் வந்தது. 2023-ம் ஆண்டு டிசம்பரில் விஷமிகள் சிலர் ஐகோர்ட்டின் வீடியோ விசாரணைக்குள் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டினார்கள். வீடியோ விசாரணையையும் ஒளிபரப்பையும் ஐகோர்ட்டு சில நாட்கள் நிறுத்தி வைக்க நேர்ந்தது.

திரையில் தெரிந்தாலும் கோர்ட்டு கோர்ட்டுதான். லுங்கியோடும் வாயில் வெற்றிலையோடும் உட்காரக் கூடாது. அனுமதி இல்லாமல் பதிவு செய்வதும் கூடாது.

வாட்ஸ்அப் பேச்சும் சாட்சிதான்

பெங்களூரில் வீட்டை 'லீசு'க்கு எடுக்கும் பழக்கம் அதிகம். பல லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது திரும்பப் பெற அலைகிறவர்களும் அதிகம். பணம் வாங்கியதை வீட்டுக்காரர் ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் செய்தி மட்டுமே சிலரிடம் இருக்கும். அது செல்லுமா?

செல்லும். ஆனால், திரையைப் படம் பிடித்து அச்சு எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழ் கட்டாயம் வேண்டும் என்று 2020-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. செல்போனையே கோர்ட்டில் கொண்டு வந்து, அதன் சொந்தக்காரர் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

2024-ம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, அந்தச் சான்றிதழை இரண்டு பகுதியாக்கியிருக்கிறது. ஒன்றைச் சம்பந்தப்பட்டவரும் மற்றொன்றை நிபுணரும் தர வேண்டும். கோப்பின் கைரேகை போன்ற ஓர் அடையாள எண்ணையும் அதில் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

ஆகவே பணத் தகராறு உள்ளவர்கள் பழைய போனை எக்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். செய்திகளை அழிக்காதீர்கள். வழக்கு முடியும் வரை அந்தப் போன் உங்கள் பத்திரம்.

இல்லாத தீர்ப்பு

கேள்வி கேட்டால் மனிதரைப் போலவே பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களும் வந்துவிட்டன. கடிதம் எழுதவும் நீண்ட ஆவணத்தைச் சுருக்கவும் அவை உதவும். ஆனால், நடக்காத வழக்கையும் நடந்ததுபோல் எழுதித் தரும்.

2023-ம் ஆண்டு ஜூனில், அப்படிக் கிடைத்த போலித் தீர்ப்புகளைக் கோர்ட்டில் காட்டிய அமெரிக்க வக்கீல்களுக்கு நியூயார்க் கோர்ட்டு 5 ஆயிரம் டாலர் அபராதம் போட்டது. நம் ஊரிலும் இல்லாத தீர்ப்புகள் தலைகாட்டியிருக்கின்றன. சிவில் கோர்ட்டு உத்தரவு ஒன்றில், சுப்ரீம் கோர்ட்டு வழங்காத தீர்ப்புகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. அதுபற்றி விசாரணை நடத்த 2025-ம் ஆண்டு மார்ச்சில் கர்நாடக ஐகோர்ட்டு உத்தரவிட்டது. எந்திரம் எழுதியதை மனிதர் சரிபார்த்தே தீர வேண்டும்.

குமாஸ்தா வேலை போய்விடுமா?

வக்கீல் ஆபீஸ்களில் வேலை செய்யும் நம்மவர்களின் கவலை இதுதான். கட்டு சுமக்கும் வேலையும், ஒரே மனுவைத் திரும்பத் திரும்ப டைப் அடிக்கும் வேலையும் குறையும் என்பது உண்மை. அதே நேரத்தில் புதிய வேலைகள் வந்திருக்கின்றன. தாளைக் கோணாமல் ஸ்கேன் செய்ய வேண்டும். பக்க எண் போட வேண்டும். இ-பைலிங் தளத்தில் பிழையில்லாமல் ஏற்ற வேண்டும். எந்தக் காகிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று நினைவில் வைக்க வேண்டும். இதையெல்லாம் நன்றாகச் செய்யக்கூடியவர், கோர்ட்டு நடைமுறை தெரிந்த பழைய குமாஸ்தாதான்.

டைப்பிஸ்டுகள் கவனிக்க வேண்டியது எழுத்துரு. கன்னடத்துக்கு 'நுடி', தமிழுக்கு 'பாமினி', 'வானவில்' என்று பழகியவர்கள் பலர். அவற்றின் பழைய முறையில் அடித்த மனுவை வேறு போனில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். சொல் தேடினாலும் கிடைக்காது. 'யூனிகோடு' முறையில் அடித்தால் எங்கும் ஒரே மாதிரி தெரியும். தமிழ்ப் பத்திரமும் தெரிந்து, கன்னடமும் ஆங்கிலமும் யூனிகோடில் அடிக்கத் தெரிந்தவருக்குப் பெங்களூரில் மவுசு உண்டு. ஊரிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரங்களை இங்குள்ள கோர்ட்டுக்கு மொழிபெயர்த்துத் தர ஆள் வேண்டுமே!

ரகசியம் காப்பதும் குமாஸ்தாவின் பொறுப்பு. கட்சிக்காரரின் பத்திரத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தவறிப் போட்டுவிட்டால், அள்ளிய தண்ணீர் கொட்டியதுபோலத்தான். டேப்லெட்டுக்குப் பூட்டு எண் வேண்டும். கோப்புகளுக்கு இன்னொரு நகலும் வேண்டும். மூலப் பத்திரம் எப்போதும் பீரோவில் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்தாயிற்று என்று யாரும் அசலைக் கிழித்துவிடக் கூடாது.

வக்கீல் வைக்க வசதி இல்லையா?

டேப்லெட் வைத்த வக்கீலிடம் போகப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் சித்தையா சாலையில் 'நியாய தேகுலா' கட்டிடத்தில் இருக்கிறது.

டேப்லெட் வந்ததால் வழக்கு உடனே முடிந்துவிடாது. வாதாடுவது வக்கீல், தீர்ப்புச் சொல்வது நீதிபதி. ஆனால் வழக்கு எங்கே நிற்கிறது என்பது கட்சிக்காரருக்குத் தெரியாமல் இருந்த காலம் போய்விட்டது. வீட்டில் வழக்கு இருக்கிறதா? இன்றைக்கே வக்கீலிடம் அந்த 16 எழுத்தைக் கேட்டு வாங்குங்கள். ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்தில் அதையும் எழுதி வையுங்கள்.