மூன்றாம் நாளும் தங்கினால்...

ஊர் ஊராகச் சுற்றும் ஊழியக்காரர் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். கர்த்தர் அனுப்பினார் என்கிறார். உள்ளே அழைக்க வேண்டியதுதான், சாப்பாடு போட வேண்டியதுதான். ஒரு நாள் தங்கட்டும். அவசியமென்றால் இன்னொரு நாளும் இருக்கட்டும். மூன்றாம் நாளும் கிளம்பவில்லையா, ஆள் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர் போய்ச் சேரும்வரைக்கும் ரொட்டி கட்டிக் கொடுக்கலாம். பணம் கேட்டாரென்றால் அப்போதும் கள்ளத் தீர்க்கதரிசிதான்.

யாரோ ஒரு நாத்திகர் எழுதிய கிண்டல் என்று நினைத்துவிட வேண்டாம். ‘டிடாக்கே’ என்னும் பழைய கிறிஸ்தவ நூல் சபைகளுக்குச் சொன்ன விதி இது. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. நெடுங்காலம் காணாமல் போயிருந்த இந்நூலின் பிரதி 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிலோத்தேயோஸ் பிரியென்னியோஸ் என்ற பேராயரின் கண்ணில் பட்டது, 1883இல் அச்சேறியது. ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பது, எந்தக் கிழமைகளில் உபவாசம் இருப்பது என்று சொல்லிக்கொண்டே வரும் நூல், நடுவில் விருந்தாளியின் சாப்பாட்டுத் தட்டையும் எட்டிப் பார்க்கிறது. ஆவியில் நிறைந்து ‘பந்தி போடுங்கள்’ என்று கட்டளையிடும் தீர்க்கதரிசி, அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் அவர் பொய்யர். ஆவியில் பேசும்போதே பணம் கேட்கிறாரா, காது கொடுக்காதே. இல்லாத இன்னொருவருக்காகக் கேட்கிறாரா, அவரைக் குற்றம் சொல்லாதே.

உபதேசத்தைப் புரட்டுகிறவனுக்குச் செவிகொடுக்காதே என்றும் அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நூலின் கண் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வீட்டம்மாவும் கவனிக்கக்கூடிய விஷயங்களின் மேல்தான். எத்தனை நாள் தங்கினார், என்ன சாப்பிட்டார், எதைக் கேட்டார்? ஆவிகளைப் பகுத்தறிவது ஏதோ சிலருக்கு மட்டும் கிடைக்கும் வரம் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கால சபை அந்த வேலையைச் சமையல்கட்டிலேயே ஒப்படைத்திருந்தது.

இத்தனை கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் பெரெக்ரினஸ் என்றொருவர் இருந்தார். அவர் கதையை எழுதியவர் லூசியன், கிறிஸ்தவர்களைப் பரிகசித்த எழுத்தாளர். கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். பெரெக்ரினஸ் பாலஸ்தீனத்தில் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து, சீக்கிரத்திலேயே அவர்களுக்குத் தலைவராகிவிடுகிறார். விசுவாசத்துக்காகச் சிறைக்குப் போகிறார். விடியற்காலையிலேயே விதவைகளும் அனாதைப் பிள்ளைகளும் சிறை வாசலில் காத்து நிற்கிறார்கள். சபைப் பெரியவர்கள் காவலருக்குக் கைக்கூலி கொடுத்து உள்ளேயே அவரோடு படுத்துறங்குகிறார்கள். வகைவகையாகச் சாப்பாடு போகிறது. ஆசியப் பட்டணங்களிலிருந்து சபைச் செலவில் ஆட்கள் வந்து உதவுகிறார்கள். மனுஷனுக்கு நல்ல வரும்படி. பிற்பாடு, சாப்பிடக்கூடாத எதையோ சாப்பிட்டார் என்று சபை அவரை விலக்கியது. கடைசியில் 165இல் ஒலிம்பியா விளையாட்டுத் திருவிழாவின்போது ஊரைக் கூட்டிவைத்துத் தீயில் இறங்கிச் செத்தார். தந்திரம் தெரிந்த எவனும் இந்த வெள்ளந்தி மக்களிடம் வந்தால் பணக்காரனாகிவிடலாம் என்று லூசியன் நக்கலடிக்கிறார். நக்கல்தான், ஆனால் டிடாக்கே எழுதியவர் அதை மறுத்திருப்பாரா என்பது சந்தேகம்.

அதே நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட ‘ஹெர்மாஸின் மேய்ப்பன்’ என்ற நூலில் ஒரு காட்சி வருகிறது. விசுவாசிகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே தனி நாற்காலியில் ஒருவர். குறி கேட்பதுபோல் ஒவ்வொருவரும் தனக்கு என்ன நடக்கும் என்று கேட்கிறார்; கேட்பவரின் ஆசை எதுவோ அதையே அவர் பதிலாகச் சொல்கிறார். கூலி வாங்காமல் வாய் திறப்பதில்லை. இப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்க ஹெர்மாஸ் காட்டும் வழி எளிமையானது. ஜெபிக்கத் தெரிந்த நீதிமான்கள் கூடும் சபையில் கொண்டுபோய் உட்கார வைத்தால் ஆளுக்குப் பேச்சு வராது.

இன்றைக்கு அந்த நாற்காலி யூடியூபில் இருக்கிறது. விசா கிடைக்குமா, மகளுக்கு வரன் அமையுமா, கடன் தீருமா? நேரலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வருகிறது, திரையின் ஓரத்தில் ‘விதைக் காணிக்கை’க்கான க்யூஆர் கோடு. ‘எனக்குச் சொன்னது அப்படியே பலித்ததே’ என்று சாட்சி சொல்ல ஆளுக்கும் பஞ்சமில்லை. சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் பேசியதல்ல என்று உபாகமம் 18ஆம் அதிகாரம் சொல்வது நமக்குத் தெரியும். 13ஆம் அதிகாரத்தைத்தான் வசதியாகத் தாண்டிப் போய்விடுகிறோம். சொன்ன அடையாளம் பலித்தே விட்டாலும், வேறு தேவர்களின் பின்னால் போகச் சொன்னால் அவனுக்குச் செவிகொடுக்கக்கூடாது என்கிறது அது. பணத்தையும் ஒரு தேவனாகத்தான் இயேசு பேசினார் என்பதையும் சேர்த்து வாசித்தால், பலித்த தீர்க்கதரிசனம் பெரிய அத்தாட்சியாகத் தோன்றாது.

தட்டைப் பார்த்த அந்தப் பழைய புத்தி தென் கொரியாவில் காவல்துறைக்கு இருந்தது. 1992 அக்டோபர் 28 அன்று சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று தாமி மிஷன் என்ற குழுவின் லீ ஜாங் ரிம் பிரசங்கித்தார். நம்பியவர்களில் வேலையை விட்டவர்கள் உண்டு, வீடு வாசலை விற்றவர்கள் உண்டு. குறித்த தேதிக்கு ஒரு மாதம் முன்பே மோசடி வழக்கில் அவர் கைதானார். காணிக்கைப் பணத்தில் அவர் வாங்கி வைத்திருந்த பத்திரங்கள் 1993 மே மாதம் முதிர்வடைபவை! உலகத்தை விட்டுப் போகிறவருக்கு அடுத்த வருஷ வட்டி எதற்கு? தானியேல், வெளிப்படுத்தல் கணக்குகளை வைத்து அவரோடு வாதாடப் போயிருந்தால் இராப்பகலாகப் பேசியிருக்கலாம். ஒரு பத்திரத்தின் தேதி போதுமானதாக இருந்தது. அப்படியும் அந்த நள்ளிரவில் வெள்ளுடை உடுத்திக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

இப்படி ஏதாவது கேட்டால் உடனே எழும் கேடயம் 105ஆம் சங்கீதம். அபிஷேகம் பெற்றவரைத் தொடக்கூடாதாம். அந்தச் சங்கீதத்தை முன்னும் பின்னும் வாசித்துப் பாருங்கள். கொஞ்சம் பேராய், பரதேசிகளாய் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தைத் தொடாதே என்று தேவன் ராஜாக்களைக் கடிந்துகொள்கிறார். அதிகாரம் கையிலிருப்பவனிடமிருந்து நாதியற்றவனைக் காக்கச் சொன்ன வார்த்தை அது. அதை மேடையில் மைக் பிடித்தவருக்குப் பாதுகாப்பாக மாற்றியது கெட்டிக்காரத்தனம்தான். பெரேயா ஊரார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். அதற்காக லூக்கா அவர்களைப் பாராட்டுகிறார். பவுலுக்கு அதில் கோபம் வந்ததாக எங்கும் எழுதப்படவில்லை.

டிடாக்கே எல்லாரையும் சந்தேகத்தோடு விரட்டும் நூலும் அல்ல. ஆவியில் பேசும் தீர்க்கதரிசியைச் சோதிப்பது மன்னிப்பில்லாத பாவம் என்றுகூட அதில் இருக்கிறது. அடுத்த மூச்சிலேயே, ஆவியில் பேசுகிறவரெல்லாம் தீர்க்கதரிசி ஆகிவிடமாட்டார், கர்த்தருடைய நடத்தை அவரிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஊரில் நிலையாகத் தங்க வருகிறவருக்குக் கைத்தொழில் தெரிந்தால் உழைத்துச் சாப்பிடட்டும். மெய்யான தீர்க்கதரிசி தங்க விரும்பினால் அவரைச் சபை தாங்க வேண்டும். திராட்சை ஆலையின், களத்தின், மாட்டு மந்தையின் முதற்பலன் அவருக்கு. அப்படி ஒரு தீர்க்கதரிசி உங்களிடம் இல்லையென்றால், அந்த முதற்பலனை ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்கிறது.