என்ஜினுக்குள்ள ஒரு உப்பளம்: கடலுக்குப் போய்வந்த மோட்டாரை ஏன் கழுவணும்?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரே ஒரு கேள்விதான். படகு என்ஜின் நாள் பூரா கடல் தண்ணியிலதான் ஓடுது. அப்புறம் கரைக்கு வந்ததும் அதை ஏன் நல்ல தண்ணியில கழுவச் சொல்றாங்க? ஓடும்போது ஆகாத கெடுதல், சும்மா நிக்கும்போது எப்படி ஆகும்?

காசிமேட்டுல இருந்து கோவளம் வரைக்கும் மணல்ல நிக்கிற ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கரையில இந்தப் படகுகள் ரொம்பப் பெருகிடுச்சு. சிலதுல நீளமான தண்டு வெச்ச டீசல் என்ஜின் இருக்கும், அது பெரும்பாலும் காத்துலயே குளிர்ற வகை. இன்னைக்குப் பேசப்போறது அதைப் பத்தி இல்ல. படகுக்குப் பின்னாடி தொங்கவிடுற அவுட்போர்டு மோட்டார் பத்தி.

பெரும்பாலான ஃபைபர் படகுக்கு மோட்டார் ஒண்ணுதான். விலையோ லட்சத்தைத் தாண்டும். நடுக்கடல்ல அது சூடேறி நின்னுட்டா இழுத்துட்டு வர இன்னொரு படகு வரணும். அதனால இதை வெறும் மெயின்டனன்ஸ் டிப்ஸ்னு நினைச்சு ஸ்கிப் பண்ணிடாதீங்க.

கடல்தான் ரேடியேட்டர்

பைக் என்ஜின் காத்துல குளிருது. கார்ல கூலன்ட் ஒரு மூடின பாதையில சுத்திச் சுத்தி வந்து ரேடியேட்டர்ல சூட்டை விடுது. அவுட்போர்டுல ரேடியேட்டரே கிடையாது. ப்ரொப்பல்லர் இருக்கிற கால் பகுதியில சின்னத் துளைகள் இருக்கும், அது வழியா கடல் தண்ணி உள்ள வரும். இம்பெல்லர்னு ஒரு ரப்பர் சக்கரம் அதை மேல தள்ளும். தண்ணி சிலிண்டரைச் சுத்திப் போய், சூட்டை வாங்கிக்கிட்டு, பெரும்பகுதி புகையோட சேர்ந்து கீழ வெளியேறும். கொஞ்சம் மட்டும் பக்கவாட்டுல மெல்லிசா பீச்சும். "தண்ணி ஓடுது"ன்னு நமக்குக் காட்டுற அடையாளம் அதுதான்.

ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. என்ஜின் ஓடுற வரைக்கும் புதுத் தண்ணி வந்துட்டே இருக்கிறதால உப்பு கரைஞ்ச நிலையிலேயே வெளியே போயிடும். சுவிட்சை அணைச்சதும் பம்ப் நின்னுடும். ஆனா உலோகம் இன்னும் சூடாத்தான் இருக்கு. உள்ள தேங்கின தண்ணி அங்கேயே காய ஆரம்பிக்குது.

மரக்காணத்துல நடக்கிறதேதான்

கடல் தண்ணியைக் காயவெச்சா என்ன ஆகும்னு தூத்துக்குடியிலயும் மரக்காணத்துலயும் உப்பளத்துல வேலை செய்றவங்களைக் கேட்டாலே தெரியும். எல்லாம் ஒரே நேரத்துல படியாது. முதல்ல சுண்ணாம்பு. தண்ணி நாலுல ஒரு பங்கு, அஞ்சுல ஒரு பங்குன்னு சுருங்கும்போது ஜிப்சம். கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கா ஆன பிறகுதான் நாம சாப்பிடுற உப்பு. அதனாலதான் தண்ணியைப் பாத்தி பாத்தியா மாத்துறாங்க. ஜிப்சம் முந்தின பாத்தியிலேயே தங்கிடும், கடைசிப் பாத்தியில உப்பு மட்டும் பூக்கும்.

என்ஜினுக்குள்ள பாத்தி மாத்த ஆள் இல்ல. சுண்ணாம்பு, ஜிப்சம், உப்பு மூணும் அதே குறுகலான வழியில படியும். இதுல உப்பு மட்டும் நல்ல தண்ணி பட்டா சட்டுன்னு கரைஞ்சிடும். சுண்ணாம்பும் ஜிப்சமும் அப்படி லேசுல கரையாது. அடுத்த நாள் மறுபடியும் ஒரு படலம். அதுக்கு அடுத்த நாள் இன்னொண்ணு. தெர்மோஸ்டாட்ல இறுகி, வழி அடைச்சு, ஒருநாள் என்ஜின் சூடேறும்.

அதனால கழுவுறதுல முக்கியமானது நேரம். உள்ள இருக்கிறது இன்னும் தண்ணியா இருக்கும்போதே அதை நல்ல தண்ணியால வெளியே தள்ளிடணும். நாளைக்குக் காலையில பார்த்துக்கலாம்னா ராத்திரியிலேயே உப்பளம் ரெடி.

அரிப்பு தனிக் கதை. என்ஜின் பெரும்பாலும் அலுமினியம். அதன் மேல இயற்கையா இருக்கிற மெல்லிய ஆக்சைடு தோல்தான் அதுக்குப் பாதுகாப்பு. உப்புல இருக்கிற குளோரைடு அந்தத் தோலை ஓட்டை போட்டு, உள்ள குழி குழியா அரிக்கும். இன்னொரு விஷயம், காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு ஈரத்தை இழுத்துத் தானே நீர்த்துப்போகும். நம்ம கடலோரத்துல அது தினசரி நடக்கிற விஷயம். அதாவது என்ஜின் காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள அரிப்பு ஓடிட்டேதான் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்து படகு நாள்கணக்கா கரையில கிடக்கும்போது இதுதான் நடக்குது.

கழுவுறது எப்படி?

மூணு வழி இருக்கு.

ஒண்ணு, ஃப்ளஷிங் மஃப். ஹெட்போன் மாதிரி ரெண்டு ரப்பர் கிண்ணம். கால் பகுதியில தண்ணி உள்ள போற துளைகள் மேல மாட்டி, ஹோஸை இணைக்கணும். முதல்ல தண்ணியைத் திறங்க, அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. நிறுத்தும்போது முதல்ல என்ஜின், அப்புறம் தண்ணி. இம்பெல்லருக்குத் தண்ணிதான் மசகு. வறண்டு ஓடினா சில நொடியிலேயே ரப்பர் தேய ஆரம்பிச்சிடும்.

ரெண்டு, பல மோட்டார்ல இருக்கிற ஃப்ளஷ் போர்ட். ஹோஸை நேரா அதுல மாட்டலாம். இதுல பெரும்பாலும் என்ஜினை ஓட்டவே கூடாது, அதனால மேனுவலைப் பார்த்துட்டுச் செய்யுங்க.

மூணு, டிரம். சின்ன மோட்டாருக்கு இதுதான் கைக்கு அடக்கம். மோட்டாரைக் கழட்டி ஸ்டாண்ட்ல மாட்டி, காலை டிரம்முக்குள்ள விடணும். ப்ரொப்பல்லருக்கு மேல இருக்கிற தட்டு முங்குற அளவுக்குத் தண்ணி வேணும்.

என்ஜினை ஓட்டுற முறைன்னா நியூட்ரல்ல, ஐடில்ல, பத்து நிமிஷம். ப்ரொப்பல்லரைக் கழட்டிட்டா இன்னும் பாதுகாப்பு. ஏன் பத்து நிமிஷம்? என்ஜின் சூடானாதான் தெர்மோஸ்டாட் திறக்கும். அது திறக்காம ரெண்டு நிமிஷத்துல நிறுத்தினா எல்லா இடத்துக்கும் நல்ல தண்ணி போயிருக்காது. திறந்த வெளியில செய்யுங்க, புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. பக்கவாட்டுல பீச்சுற தண்ணி மேல ஒரு கண்ணு இருக்கணும். அது மெலிஞ்சா உடனே நிறுத்திடுங்க. துவாரம் அடைச்சிருக்கலாம், இல்ல இம்பெல்லர் போயிருக்கலாம்.

தண்ணிக்கு எங்க போறது?

இது நியாயமான கேள்வி. குடிக்கிற தண்ணிக்கே லாரியைப் பார்த்து நிக்கிற குப்பத்துல போய் மோட்டாரைக் கழுவச் சொல்றது சுலபம். அதனால ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மோட்டாருக்குள்ள அரை லிட்டர் கடல் தண்ணி தேங்கியிருக்குன்னு வெச்சுக்குவோம். அதுல உப்பு சுமார் 17.5 கிராம். இதை டிரம்ல இருக்கிற 100 லிட்டர் நல்ல தண்ணியில கலந்தா லிட்டருக்கு 0.175 கிராம், அதாவது கடல் தண்ணியில இருநூறுல ஒரு பங்கு. அதே தண்ணியில மூணு மோட்டாரைக் கழுவினாலும் லிட்டருக்கு அரை கிராம் சொச்சம்தான். வெளிப்பக்க உப்பை முதல்ல ஒரு மக் தண்ணி ஊத்திக் கழுவிட்டு இறக்கினா மூணு படகுக்கு ஒரு டிரம் தாராளம். டூ-ஸ்ட்ரோக்னா ஆயில் மிதக்கும், தண்ணி ரொம்ப அழுக்காகிறதுக்கு முன்னாடி மாத்திடுங்க. கரையோர போர் தண்ணி கொஞ்சம் உவர்ப்பா இருந்தாலும், கடல் தண்ணி உள்ளேயே காயறதை விட அது எவ்வளவோ மேல்.

கழுவின பிறகு

மோட்டாரை நேரா நிமிர்த்தி வைங்க. சாய்ச்சு வெச்சா தண்ணி முழுசா வடியாது. மேல்மூடிக்குள்ள ஹோஸ் அடிக்காதீங்க, ஈரத் துணியால துடைச்சா போதும்.

ஆனோடு துண்டுகளைப் பாருங்க. அலுமினியத்தை அரிக்க வேண்டியது தன்னை அரிச்சுக்கிட்டுக் கரையட்டும்னு வெச்ச பலியாடு அது. பாதி கரைஞ்சதும் மாத்தணும், மேல பெயின்ட் அடிக்கவே கூடாது. ப்ரொப்பல்லர் தண்டுல தூண்டில் நரம்பு சுத்தியிருக்கான்னும் பாருங்க. அது சீலை அறுத்தா தண்ணி உள்ள போகும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா அதுதான் அறிகுறி.

இத்தனையும் தினம் முடியாதுன்னா, ஆனோடையும் கியர் ஆயிலையும் மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கலாம். அந்தப் பத்து நிமிஷத் தண்ணியை மட்டும் அன்னைக்கே கொடுத்துடுங்க.

உங்க ஊர் கரையில இதை வேற மாதிரி செய்றாங்கன்னா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசுவோம்.