விதையில் வந்த கெம்போஜா

சிராங்கூன் கார்டன்ஸில் தோழியின் தரைவீட்டு மரத்தில் அந்தக் காய் தொங்கியது. ஆட்டுக்கொம்பு போல இரண்டு, காய்ந்து கறுத்து, நடுவே வெடித்திருந்தன. தொட்டதும் இறக்கை வைத்த விதைகள் கையில் கொட்டின. மஞ்சள் பூப் பூக்கும் மரம். பதினொரு விதைகளைத் தாளில் மடித்து எடுத்து வந்தேன்.

தமிழில் ஈழத்தலரி, மலாயில் கெம்போஜா. அடுத்த வீட்டு மலாய் அம்மா, மக்சிக், விதை போட்ட தொட்டியைப் பார்த்ததும் முகம் சுளித்தார். இடுகாட்டு மரத்தை வீட்டு வாசலில் வைக்கலாமா என்று கேட்டார். இரவில் இந்த வாசம் வந்தால் பொந்தியானாக் பேய் பக்கத்தில் நிற்கிறது என்று கேட்டு வளர்ந்தவர் அவர். என் அம்மாவுக்கோ இது கோயில் பிராகாரத்து மரம். இருவர் சொல்வதும் அவரவர் ஊரில் உண்மை.

மரம் மட்டும் இருவர் ஊரையும் சேர்ந்ததல்ல. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள்தான் அதன் தாய்வீடு. பிரெஞ்சுத் துறவி சார்ல்ஸ் புளூமியேயின் நினைவாகத்தான் புளூமேரியா என்ற பெயர். வெள்ளைப் பூவும் இலையுதிராத வழக்கமும் கொண்ட ஒரு வகையை 1931இல் தாவரவியலாளர் ஹரல்ட் லையன் சிங்கப்பூரிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோனார். அங்கே அதன் பெயரே ‘சிங்கப்பூர்’. கரீபியன் மரம் நம் ஊர்ப்பெயரைச் சூடிக்கொண்டு இன்னொரு தீவில் வேர்விட்டதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கொப்பு வெட்டி நட்டால் அடுத்த வருடமே பூத்துவிடலாம். தாய்மரத்துப் பூ அப்படியே வரும். விதை அப்படியல்ல. மூன்று, நான்கு வருடம் ஆகும், சிலசமயம் அதற்கும் மேல். நிறமும் தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தப் பூவில் தேன் கிடையாது. இரவு வாசத்தில் ஏமாந்து வரும் அந்துப்பூச்சி எந்த மரத்து மகரந்தத்தைச் சுமந்து வந்ததோ, யார் கண்டது? அந்தப் புதிருக்காகத்தான் விதை போட்டேன்.

இறக்கை மண்ணுக்கு வெளியே தெரியும்படி செருக வேண்டும். பத்து நாளில் ஒன்பது முளைத்தன. ஒன்றில் மட்டும் விதைத்தோல் குல்லாய் மாதிரி தலையில் ஒட்டிக்கொண்டது. ஈரப்பஞ்சால் நனைத்து, நகநுனியால் மெல்லக் கழற்றியதும் இரண்டு விதையிலைகளும் விரிந்தன. டிசம்பர் மழையில் ஆறு அழுகின. மிச்சத்தில் இரண்டின் இலையடியில் மஞ்சள்பொடி போலத் துருநோய் படிந்து, அவையும் நலிந்து போயின. குல்லாய் போட்டதுதான் பிழைத்தது.

வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். அதனால் தொட்டியைச் சுவரோடு ஒட்டிவைத்து, வெயிலுக்கு ஏற்பத் திருப்பிக்கொண்டே இருந்தேன். நான்கு வருடம் கிளை இல்லை, வெறும் கம்பு. நுனி பூவாக முடிந்த பிறகுதான் கீழே கிளை பிரியும் என்பதால் அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அது தடித்தது. பச்சை நகங்கள் மாதிரி மொட்டுகள். முதல் மொட்டு மழையில் கறுத்து உதிர்ந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது விரிந்தது. மஞ்சள் தொண்டையில் மட்டும். இதழ் வெள்ளை, ஓரத்தில் இளஞ்சிவப்பு. பகலில் வாசமே இல்லை. இரவு பத்து மணிக்கு மக்சிக் கதவைத் திறந்து வந்து, குனிந்து முகர்ந்தார். இன்னும் எத்தனை மொட்டு இருக்கிறது என்று கேட்டார். எண்ணிப் பார்த்தோம், ஏழு.